பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு வாருங்கள்

(பொத்தேரியில் மாணவர்கள் நடத்திவரும் வாசிப்பு வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேசும்போது விட்டுப்போன சில தேதிகள் சேர்க்கப்பட்டுள்ளன.)



தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டி ஏறி வந்தேன். என்னோடு நின்றுகொண்டு வந்த கூட்டத்தில் பாதி பொத்தேரியில் இறங்கிவிட்டது. நடைமேம்பாலத்தைத் தாண்டுவதற்குள் தெலுங்கு, மலையாளம், இந்தி எல்லாம் காதில் விழுந்தன. வரும் வழியில் சுவர்களையும் மின்கம்பங்களையும் பார்த்துக்கொண்டே வந்தேன். 'ஆண்களுக்கு பி.ஜி., சாப்பாட்டுடன்', 'புராஜெக்ட் செய்து தரப்படும்', பிரியாணி, வாடகைக்கு பைக். இத்தனை இளைஞர்கள் நடக்கிற தெருவில் ஒரு கூட்ட அறிவிப்போ, ஒரு கண்டன நோட்டீசோ என் கண்ணில் படவில்லை. உங்கள் கூட்டத்தின் அறிவிப்பும் வாட்ஸ்அப்பில்தான் வந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நானே மாணவனாக இருந்தபோது ஒரு நோட்டீசை ஒட்டப்போய் மாட்டிக்கொண்டவன்தான். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

கல்லூரி வளாகத்தில் பேச்சுரிமை என்று தலைப்பு கொடுத்திருக்கிறீர்கள். பேச்சுரிமை பறிப்பு என்றதும் நமக்கு போலீஸ், கைது, தேசத்துரோக வழக்கு இதெல்லாம்தான் நினைவுக்கு வரும். 2016 பிப்ரவரியில் ஜே.என்.யு.வில் அதுதான் நடந்தது. ஆனால் பெரும்பாலான வளாகங்களுக்குள் போலீஸ் வருவதே இல்லை. வரவேண்டிய தேவை இல்லை. ஒரு மின்னஞ்சல் போதும். 'அன்றைக்கு ஹால் காலியில்லை' என்ற ஒரு பதில் போதும். வீட்டுக்கு ஒரு போன் போதும்.

நமக்குப் பக்கத்திலேயே நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் ஏறுகிற அதே மின்சார ரயிலில் கிண்டியில் இறங்கினால் சிறிது தூரத்தில் சென்னை ஐ.ஐ.டி. அங்கே 2014 ஏப்ரல் 14 அன்று சில மாணவர்கள் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தைத் தொடங்கினார்கள். தொடங்கிய சில மாதங்களிலேயே நிர்வாகத்திடமிருந்து வந்த முதல் ஆலோசனை என்ன தெரியுமா? பெயரை மாற்றுங்கள் என்பது. அம்பேத்கர், பெரியார் என்ற பெயர்கள் மாணவர்களைப் பிளவுபடுத்துமாம். அதே வளாகத்தில் விவேகானந்தர் பெயரில் ஒரு வட்டம் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. அந்தப் பெயர் யாரையும் பிளவுபடுத்தவில்லை. எந்தப் பெயர் 'பொது', எந்தப் பெயர் 'அரசியல்' என்று தீர்மானிக்கிற இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் இதில் கேள்வி.

மாணவர்கள் பெயரை மாற்றவில்லை. 2015 ஏப்ரலில் அம்பேத்கர் பிறந்தநாளை ஒட்டி ஒரு கூட்டம் நடத்தினார்கள், ஒரு துண்டறிக்கை வெளியிட்டார்கள். நிலம் கையகப்படுத்தும் மசோதா, தொழிலாளர் சட்டத் திருத்தங்கள், மாட்டிறைச்சித் தடை, இந்தி, சமஸ்கிருதத் திணிப்பு என்று மோடி அரசின் கொள்கைகளை அது விமர்சித்தது. டெல்லிக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போனது. பிரதமருக்கும் இந்துக்களுக்கும் எதிராக வெறுப்பைப் பரப்புகிறார்கள் என்று புகார். மொட்டைக் கடுதாசிகள் மீது நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பது அரசு அலுவலகங்களுக்கே இருக்கிற பொது வழிமுறை. ஆனால் ஸ்மிருதி இரானி அமைச்சராக இருந்த மனிதவள மேம்பாட்டுத் துறை இதை ஐ.ஐ.டி.க்கு அனுப்பிக் கருத்துக் கேட்டது. அந்தக் கடிதத்தின் தேதி மே 15. மே 22 அன்று மாணவர் நலப் புலமுதல்வரிடமிருந்து ஒரு மின்னஞ்சல்: சலுகைகளைத் தவறாகப் பயன்படுத்திய காரணத்தால் வட்டத்தின் அங்கீகாரம் ரத்து. மாணவர்களைக் கூப்பிட்டு விளக்கம் கேட்கவில்லை.

'சலுகை' என்ற அந்தச் சொல்லில் கொஞ்சம் நில்லுங்கள். பேசுவது உரிமை என்று அரசமைப்புச் சட்டம் சொல்கிறது. நிர்வாகத்தின் மொழியில் அது சலுகை. நமக்குக் கொடுக்கப்பட்ட எல்லாமே அவர்கள் கணக்கில் சலுகைதான். இடஒதுக்கீட்டையே நம் பாட்டன் பாட்டி காலத்திலிருந்து அப்படித்தான் அழைத்து வருகிறார்கள்.

தமிழ்நாடு முழுக்கப் போராட்டம் எழுந்தது. நாடெங்கும் கண்டனம் வந்தது. ஜூன் 7 அன்று அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. கணக்குப் போட்டால் 16 நாட்கள். அதற்குப் பிறகு வேறு பல வளாகங்களில் இதே பெயர்களில் வட்டங்கள் முளைத்தன. மும்பை ஐ.ஐ.டி.யில் புலேவையும் சேர்த்துக்கொண்டார்கள். தடை செய்யப்போய் விளம்பரம் செய்துவிட்டார்கள் என்று அப்போது நாங்கள் சிரித்தோம். அந்தச் சிரிப்பு ஏழு மாதம்தான் நிலைத்தது. அடுத்த ஜனவரியில் ஹைதராபாத். அதற்கும் வருகிறேன்.

மேடையைக் கொடுத்துவிட்டு நிபந்தனை போடுவது புதிதல்ல. 1936இல் லாகூரில் ஜாத்-பாத் தோடக் மண்டல் என்ற அமைப்பு, அதாவது சாதியை ஒழிக்கவென்றே வைத்திருந்த அமைப்பு, தன் மாநாட்டுக்குத் தலைமை உரை ஆற்ற அம்பேத்கரை அழைத்தது. உரையை முன்கூட்டியே படித்துப் பார்த்தவர்கள் வேதங்களைப் பற்றிய பகுதியை எடுத்துவிடச் சொன்னார்கள். அவர் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மறுத்தார். மாநாடே நின்றுபோனது. சொந்தச் செலவில் 1500 படிகள் அச்சடித்து வெளியிட்டார். இரண்டு மாதத்தில் தீர்ந்துவிட்டது. தமிழில் அதைக் கொண்டுவந்தவர் பெரியார். நாம் இன்று 'சாதி ஒழிப்பு' என்று கையில் வைத்திருக்கிற நூல், மேடை மறுக்கப்பட்ட ஒரு பேச்சு. நிபந்தனை போட்டவர்கள் சனாதனிகள் அல்ல, சீர்திருத்தக்காரர்கள் என்பதையும் மறந்துவிடாதீர்கள். நல்லவர்களுடைய நிபந்தனைதான் மறுப்பதற்குக் கடினமானது.

அது எனக்கும் நடந்தது. நான் படித்தது வேறு மாவட்டத்தில் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம். பதினைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. அம்பேத்கர் பிறந்தநாளுக்கு ஒரு கருத்தரங்கம் நடத்த ஹால் கேட்டுப் போனோம். துறைத்தலைவர் உண்மையிலேயே அன்பானவர். "நல்ல விஷயம்தான் தம்பி. தேசத் தலைவர்கள் தினம்னு வெச்சுக்கலாமே? பேரை மட்டும் மாத்திக்கிட்டு வாங்க, ஹால் நான் வாங்கித் தர்றேன்" என்றார். நாங்கள் மாற்றவில்லை. விடுதி மொட்டைமாடியில் பதினொரு பேர் உட்கார்ந்து நடத்தினோம். அதற்கு ஒரு நோட்டீஸ் எழுதி ஜெராக்ஸ் எடுத்து மெஸ் வாசலில் ஒட்டினோம். அதில் ஒரு கேள்வி: நம் கல்லூரியில் எஸ்.சி. பிரிவைச் சேர்ந்த ஆசிரியர்கள் எத்தனை பேர்? தெரிந்தவர்கள் சொல்லவும்.

இரண்டு நாள் கழித்து வார்டன் என் வீட்டுக்குப் போன் செய்தார். உங்கள் பையன் படிக்காமல் கட்சி வேலை பார்க்கிறான், உடனே வாருங்கள் என்று. என் அப்பா கரும்பு வெட்டுக்குப் போகிறவர். அன்றைய கூலியை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்தார். வார்டன் அறையில் நாற்காலி இருந்தது. உட்காரச் சொல்லவில்லை, அவரும் உட்காரவில்லை. எட்டாவது வரை படித்தவர். நோட்டீசை வாங்கி முழுவதும் படித்தார். எழுத்துக் கூட்டிப் படிப்பவர் என்பதால் நேரம் எடுத்தது. பிறகு, "இதுல என்ன சார் தப்பா எழுதியிருக்கு?" என்று கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

வார்டன் சொன்ன பதில் எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "தப்பு ஒண்ணும் இல்லைங்க. ஆனா ஸ்காலர்ஷிப்ல படிக்கிற பையன். எதுக்கு இதெல்லாம்?"

மன்னிப்புக் கடிதம் ஒன்று தயாராக இருந்தது. அப்பா கையெழுத்துப் போட்டார். பஸ் ஸ்டாண்டில் எனக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். வண்டி ஏறும்போது, "கையெழுத்து நான் போட்டதுடா. நீ போடலை" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு படிப்பு முடிகிற வரைக்கும் அந்தக் கல்லூரியில் நான் வாய் திறக்கவில்லை. வீரக்கதை ஒன்றும் இல்லை. அப்பாவை இன்னொரு முறை அந்த அறையில் நிற்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த நோட்டீசை என்னோடு சேர்ந்து எழுதிய நண்பன் ஒருவன் இருந்தான். அந்தக் கேள்வியே அவன் எழுதியதுதான். அவன் அப்பாவுக்கு ஊரில் அரிசி ஆலை இருந்தது. அவன் வீட்டுக்குப் போன் போகவில்லை. நல்ல தோழன் அவன், இன்றும் பேசிக்கொள்கிறோம். ஒரே நோட்டீஸ், ஒரே கேள்வி, இரண்டு பேருக்கும் வேறு வேறு விலை. பேச்சுரிமை பற்றி நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். சட்டத்தில் அது எல்லோருக்கும் ஒன்று. வளாகத்தில் அதற்கு விலைச்சீட்டு உண்டு. உதவித்தொகை, விடுதி அறை, வருகைப் பதிவு, நன்னடத்தைச் சான்றிதழ் என்று எதையெல்லாம் நம்பி நாம் உள்ளே இருக்கிறோமோ, அதையெல்லாம் பிடித்துக்கொண்டுதான் நம்மிடம் பேசுகிறார்கள்.

ரோஹித் வெமுலாவின் வாழ்வில் அந்த விலை எவ்வளவு என்பது ரூபாயிலேயே இருக்கிறது. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் மாணவர் சங்கத்தில் இருந்தவர். முசாபர்நகர் கலவரம் பற்றிய ஆவணப்படத் திரையிடல் டெல்லியில் தாக்கப்பட்டதைக் கண்டித்தார்கள். யாகூப் மேமனின் தூக்கை எதிர்த்துக் கூடினார்கள். அதையொட்டி எழுந்த மோதலில் ஐந்து தலித் ஆய்வு மாணவர்கள் மீது நடவடிக்கை. அவருடைய உதவித்தொகை 2015 ஜூலை முதல் நின்றது. டிசம்பரில் விடுதியிலிருந்து வெளியேற்றம். வளாகத்திலேயே கூடாரம் போட்டு அதற்கு 'வெலிவாடா' என்று பெயர் வைத்தார்கள், நம் மொழியில் சேரி. 2016 ஜனவரி 17 அன்று அவர் இறந்தார். தன் கடைசிக் கடிதத்தில் தனக்கு வரவேண்டிய ஏழு மாத உதவித்தொகையைக் குறிப்பிட்டிருக்கிறார். ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் ரூபாய். அதிலிருந்து ஒரு நண்பருக்கு வாங்கிய கடனைக் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறார். பேசியதற்காக அவரைச் சிறையில் போடவில்லை, பணத்தையும் அறையையும் எடுத்துக்கொண்டார்கள்.

'ஸ்காலர்ஷிப்ல படிக்கிற பையன்' என்பதற்கு அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது ஒரு பதில் வைத்திருக்கிறேன். கொஞ்சம் சட்ட வரலாறு, பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வழக்குகள், இரண்டும் அன்றைய சென்னை மாகாண அரசுக்கு எதிரானவை. ஒன்று உங்களுக்குத் தெரிந்தது, செண்பகம் துரைராஜன் வழக்கு. நம் வகுப்புவாரி அரசாணையை 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் செல்லாது என்றது. இன்னொன்று ரொமேஷ் தாப்பர் வழக்கு. பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வார இதழை இங்கே நுழையக்கூடாது என்று அரசு தடுத்தது, 1950 மே மாதம் உச்சநீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் 1951 ஜூனில் ஒரே பதில் வந்தது, முதல் அரசமைப்புத் திருத்தம். பெரியார் நடத்திய போராட்டத்தின் விளைவாக 15(4) பிரிவு சேர்ந்தது. நாம் கல்லூரிக்குள் வர வழி கிடைத்தது. அதே திருத்தம் 19(2) பிரிவில் 'பொது ஒழுங்கு' போன்ற காரணங்களைச் சேர்த்து, பேச்சைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தையும் விரித்தது. ஒரு கை இடம் கொடுத்தது, இன்னொரு கை வாய்ப்பக்கம் வந்தது. அம்பேத்கர் சட்ட அமைச்சராக இருந்து அந்தத் திருத்தத்தை ஆதரித்துப் பேசினார் என்பதையும் மறைக்கவேண்டாம்.

ஆனாலும் 19(2)ஐ எடுத்துப் படித்துப் பாருங்கள். நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு என்று ஒரு பட்டியல் இருக்கிறது. 'கல்லூரியின் நற்பெயர்' அதில் இல்லை. 'இடஒதுக்கீட்டில் வந்தவர்கள் பேசக்கூடாது' என்றும் இல்லை. தெருவில் கூடிப் பேசி, ஊர்வலம் போய், கடையடைத்து வாங்கியது அந்த இடம். பேச்சால் கிடைத்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு பேசாதே என்றால் எப்படி?

தனியார் கல்லூரிக்கு இதெல்லாம் பொருந்துமா என்று இங்கே வந்தவுடனே ஒரு தோழர் கேட்டார். அடிப்படை உரிமைகள் பெரும்பாலும் அரசுக்கு எதிராகத்தான் என்பதே நீண்டகாலப் புரிதல். 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில் அரசியல் சாசன அமர்வின் பெரும்பான்மைத் தீர்ப்பு, 19, 21 பிரிவுகளின் உரிமைகளை அரசு அல்லாதவர்களுக்கு எதிராகவும் கோரலாம் என்றது. பெரிய கதவுதான். ஆனால் நீதிமன்றத்தின் நேரமும் நான்கு வருடப் படிப்பின் நேரமும் ஒன்றல்ல. மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் கேரளத்தைச் சேர்ந்த தலித் ஆய்வு மாணவர் ஒருவரை 2024 ஏப்ரலில் இரண்டு வருடம் இடைநீக்கம் செய்தார்கள். டெல்லியில் ஒன்றிய அரசின் கல்விக் கொள்கைக்கு எதிரான பேரணியில் கலந்துகொண்டதும், 'ராம் கே நாம்' ஆவணப்படத்தைப் பார்க்கச் சொல்லிச் சமூக ஊடகத்தில் எழுதியதும் அவர் மீதான குற்றச்சாட்டுகளில் இருந்தன. உயர்நீதிமன்றத்தில் தோற்றார். உச்சநீதிமன்றம் 2025 மே மாதம் தண்டனைக் காலத்தைக் குறைத்து, படிப்பைத் தொடரலாம் என்றது. அதற்குள் ஒரு வருடம் போய்விட்டது. போன வருடத்தை எந்த நீதிமன்றமும் திருப்பித் தராது.

இனி சொல்வது நம் வீட்டுக்குள். சிலருக்குக் கசக்கலாம்.

1965 ஜனவரியில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அதை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். அப்போது காங்கிரஸ் ஆட்சி. அதே பல்கலைக்கழகத்தில் 1971இல் முதலமைச்சர் கருணாநிதிக்கு டாக்டர் பட்டம் கொடுப்பதை எதிர்த்து மாணவர்கள் போராடினார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. உதயகுமார் என்ற மாணவரின் உடல் வளாகத்துக் குளத்தில் கிடந்தது. இந்தப் பெயரை நம் மேடைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறீர்கள்? நம் ஆட்கள் ஆளும்போது நடப்பதற்கு நாம் வேறு அகராதி வைத்துக்கொண்டால், ஐ.ஐ.டி. பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

இதோடு சேர்ந்த இன்னொன்று. 2020 நவம்பரில் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், மூன்று வருடமாகப் பாடத்தில் இருந்த அருந்ததி ராயின் 'வாக்கிங் வித் த காம்ரேட்ஸ்' நூலை ஏ.பி.வி.பி. புகார் கொடுத்ததும் நீக்கியது. நாம் கண்டித்தோம். ஆனால் அதே ஏ.பி.வி.பி. ஒரு கூட்டத்துக்கு ஹால் கேட்டால் கொடுக்கக்கூடாது என்று நிர்வாகத்திடம் மனுக்கொடுக்கிற பழக்கம் நம் தோழர்களில் சிலருக்கும் வந்திருக்கிறது. நான் இதில் உடன்படவில்லை. ஹாலின் சாவி நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. அவர்களுக்குப் பூட்டச் சொல்லி நாம் கொடுக்கிற மனு, அடுத்த ஏப்ரலில் நமக்குப் பூட்டுவதற்கான முன்னுதாரணம். அவர்களுடைய கூட்டத்துக்கு வெளியே நின்று நோட்டீஸ் கொடுங்கள். உள்ளே போய்க் கேள்வி கேளுங்கள். பதில் கூட்டம் போடுங்கள். பெரியாரின் கூட்டங்களில் எதிர்க்கேள்விச் சீட்டுகள் வரும், அவர் வாங்கிப் படித்துப் பதில் சொல்வார். அந்தத் தெம்பு நமக்கும் வேண்டும்.

அப்படியானால் சாதி வசவும் பேச்சுரிமையா என்று கேட்பீர்கள். இல்லை. இடஒதுக்கீடு வேண்டாம் என்று ஒருவன் மேடையில் வாதாடலாம், நான் பதில் சொல்வேன். பக்கத்து அறைப் பையனை 'கோட்டா' என்று கூப்பிடுவது வாதம் அல்ல. அவனைப் பேசவிடாமல் செய்வதற்கான கருவி அது. "கட்ஆஃப் எவ்வளவு?", "ரேங்க் என்ன?" என்று முதல் நாளே கேட்பதும் பல இடங்களில் சாதியைக் கேட்பதுதான். 2023இல் முதலாண்டு தலித் மாணவர் ஒருவர் இறந்த பிறகுதான் மும்பை ஐ.ஐ.டி. சக மாணவர்களின் ரேங்கைக் கேட்கவேண்டாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. சாதிப்பெயர் சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. கருத்தை எதிர்க்கக் கருத்து. இழிவைத் தடுக்கச் சட்டம். இரண்டையும் குழப்பிக்கொள்வது நிர்வாகங்களுக்கு வசதியானது. அவர்கள் வசவை 'சின்னப் பசங்க விளையாட்டு' என்று விட்டுவிடுவார்கள், நம் நோட்டீசைத்தான் 'வெறுப்புப் பேச்சு' என்பார்கள்.

என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். என்னிடம் பெரிய திட்டம் இல்லை, அனுபவத்தில் தெரிந்த சில விஷயங்கள் இருக்கின்றன. சேரும்போது கையெழுத்துப் போட்ட உறுதிமொழித் தாளை எடுத்து ஒருமுறை படியுங்கள். 'அரசியல் நடவடிக்கைகளில் ஈடுபட மாட்டேன்' என்று பல கல்லூரிகளில் எழுதி வாங்குகிறார்கள். எதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம் என்றாவது தெரியவேண்டும். ஹால் கேட்டால் எழுத்தில் கேளுங்கள், மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் தரமாட்டார்கள். தராததும் ஒரு பதிவுதான். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போடுங்கள்.

முக்கியமாக, கையெழுத்துப் போடும்போது யார் முதலில் போடுவது என்று யோசியுங்கள். விடுதியும் உதவித்தொகையும் இல்லாவிட்டாலும் படிப்பைத் தொடர முடிகிறவர்கள் முன்னால் நில்லுங்கள். என் நண்பனிடம் நான் அன்று இதைக் கேட்டிருக்கவேண்டும். கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்டிருந்தால் அவன் வந்திருப்பான் என்றுதான் இப்போது தோன்றுகிறது. ஒருவருடைய வீட்டுக்குப் போன் போனால், அன்றைக்கு அந்த அறைக்கு அந்த அப்பாவோடு இன்னும் பத்துப் பேர் போகவேண்டும். சண்டை போடவேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும். முடிந்தால் ஒருவர் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போடலாம்.

கடைசி வரிசையில் ஒரு தோழர் ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கி வைத்திருக்கிறார். அவருடைய பி.ஜி.யில் ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்களாம், முன்பே சொன்னார். அவருடைய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். சொல்லுங்கள் தோழர்.